தொண்ணூற்றெட்டாயிரம் கிலோமீட்டர்

"விக்கும்போது அந்த ஜெர்மன்காரர் அழுதுட்டாரும்மா. நான்தான் கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னேன்" என்றார் லெஷெக், சிவப்புக் காரைத் தடவியபடி.

போலந்தின் எல்லை ஊரான ஸ்கோஜெலெட்ஸில் பழைய கார் விற்கிற அத்தனை பேரும் சொல்லும் வசனம்தான். இவர்களை நம்பினால் பாதி ஜெர்மனி கார் விற்றே கண்ணீர் வடித்திருக்க வேண்டும். கிங்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவளுக்கு இருபது வயது. 'ஒழுங்கா ஒரு டீசல் காரைப் பார்த்து வாங்கு' என்று வீட்டில் எல்லோரும் ஓதியாயிற்று. அவளுக்கோ கூரை திறக்கிற, இரண்டே இருக்கையுள்ள கார்தான் வேண்டும். அதுவும் இதே கார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில், ஒரு ரொட்டிக் கடையில் மூன்று வருடம் கால்கடுக்க நின்று சேர்த்தது போலந்துப் பணத்தில் பத்தொன்பதாயிரம் ஸ்வோத்தி. லெஷெக் கேட்டது இருபத்தெட்டாயிரம்.

"எவ்வளவு ஓடியிருக்கு, சார்?"

"தொண்ணூத்தெட்டாயிரம் கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போக மட்டும்தான் எடுப்பாராம்."

"அவ்வளவு கம்மியா ஓடியிருந்தா பெடல் ரப்பர் தேஞ்சே இருக்காதே, அது மட்டும் ஏன் புத்தம்புதுசா இருக்கு?"

"சுத்தக்காரர்மா. மாத்தியிருப்பார்." லெஷெக் அசரவில்லை. அவளோடு வந்திருந்த பெரியவரிடம் திரும்பினார். "தாத்தா, பேத்திக்கு நீங்களாவது சொல்லுங்க. இவ வயசுக்கு இன்சூரன்ஸ் கட்டியே பாதி உயிர் போயிடும். இதுல பேரம் வேறயா?"

பெரியவர் புன்னகைத்தார்.

"அவருக்கு நாம பேசறது புரியாது, சார்."

"காது கேக்காதா? பாவம்." லெஷெக் குரலை உயர்த்தினார். "நல்ல கார், தாத்தா. நல்ல கார்."

பெரியவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார். ஒரே இழுப்பில் கூரை மடங்கிப் பின்னால் போனது. கூரையை மாட்டியிருக்கும் கொக்கியோடு லெஷெக்கே தினமும் மல்லுக்கட்டுவார்.

"பத்தொன்பதுன்னா இப்பவே எடுத்துக்கறேன்" என்றாள் கிங்கா.

"பத்தொன்பதுக்கு நாலு டயரையும் கழட்டித் தர்றேன், உருட்டிட்டுப் போ."

"சரி, நீங்க கேட்ட விலையே இருக்கட்டும். ஆனா சொன்னதையெல்லாம் ஒப்பந்தத்துல எழுதிக் கொடுங்க. முதல் உரிமையாளர்கிட்ட நீங்களே நேர்ல வாங்கினது, தொண்ணூத்தெட்டாயிரம்தான் ஓடினது, எல்லாத்தையும்."

லெஷெக்குக்கு வாயெல்லாம் பல். ஆற்றைத் தாண்டிப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, கேட்டதற்கு மேலேயே எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

கிங்கா மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். இதில் சறுக்கினால் டீசல் கார்தான்.

"சாட்சிக்கு இவர் போடட்டும், சார்."

பெரியவர் பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்திட்டார். அடியில் பெயரையும் தெளிவாக எழுதினார்.

லெஷெக் அதைப் படித்தார். மேசையிலிருந்த காரின் ஜெர்மன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். மறுபடியும் பெரியவரைப் பார்த்தார். பிறகு ஒப்பந்தத்தில் இருபத்தெட்டை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதி, சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

கூரையைத் திறந்துவிட்டுப் பாலத்தை நோக்கிப் பறந்தபோது கிங்கா சந்தோஷத்தில் கத்தியேவிட்டாள். அவள் கடைக்குத் தினமும் ரொட்டி வாங்க வருபவரும், இதே காரை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போன வருடம் யாரோ ஒரு தரகரிடம் விற்றவருமான அந்த ஜெர்மன்காரர் எக்கெஹார்ட், பக்கத்து இருக்கையில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.