முதுகுக்குப் பின்னால் இடது கை

பனியன் கம்பெனித் தெருவில் பஞ்சு எந்த வீட்டையும் விடுவதில்லை. பாட்டு கேட்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் புகுந்துவிடும், சூட்டில் பற்றிக்கொள்ளும். அதனால் கம்பெனி மெக்கானிக் ஜெயபாண்டி தன் வீட்டு ஆம்ப்ளிஃபயரை மாதம் ஒருமுறை திறந்து துடைப்பார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்ட் தங்கியிருக்கும். இரண்டு கையும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாயும். இடது கை தன்னையறியாமல் உள்ளே போய்விடக் கூடாதென்று, அதை அவருடைய முதுகுக்குப் பின்னால் மனைவி சித்ராதேவி பிடித்துக்கொள்வாள். அவள் காதர்பேட்டைக்குப் போயிருந்த ஒரு மதியம் அவர் தனியாகத் திறந்தார். அவள் வருவதற்குள் இறந்திருந்தார்.

இப்போது அவள்தான் துடைக்கிறாள். இடது கையைப் பின்னால் கொண்டுபோனதும் ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த விரல்களில் மெஷின் ஆயில் பிசுபிசுக்கும். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தபோது, மகள் அபிராமி வாசலிலேயே நின்றாள்.

"கம்பெனி ஓனரே கேக்குறாரு, வித்துரேம்மா. பயமா இருக்கு."

"என்ன பயம்? அப்பா பிடிச்சிக்கிறாரு."

அபிராமி அழ ஆரம்பித்தாள்.

"சரி, அழாத. இதுதான் கடைசி. நாளைக்குக் குடுத்துருவோம்."

மணிக்கட்டில் பிடி இறுகியது. வோல்ட் மீட்டர் நானூற்றுப் பத்து காட்டியது. உள்ளே தங்கிய மின்சாரத்தைப் பூஜ்யத்துக்கு இறக்க, வலது கையை அப்போதுதான் உள்ளே விட்டிருந்தாள். பின்னாலிருந்த கை அவளுடைய இடது கையை மெதுவாக முன்னால் கொண்டுவரத் தொடங்கியது.