திருப்பாத பாதி

அண்ணி பிளேடை உருளையின் மேல் வைத்துவிட்டு நடுவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப பாருங்க மேடம். உள்ள ஒரு இலை இருக்கும்."

வெளியிலிருந்து பார்த்தால் அது விரல் தடிமனில் ஒரு பாலிமர் களிமண் உருளை. கரும்பச்சை நிறம், அவ்வளவுதான். குறுக்கே வெட்டினால்தான் உள்ளே இருக்கும் இலை தெரியும். எங்கே வெட்டினாலும் அதே இலை. ஒவ்வொரு வில்லையையும் ஓவனில் வைத்து எடுத்தால் ஒரு காதணி.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு நடுவர்கள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மாள். பக்கத்தில், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். இன்று அவர்கள் தேர்ந்தெடுப்பவருக்குக் கைவினைப் பள்ளியில் ஆசிரியர் வேலை.

நான் அண்ணிக்குப் பின்னால் ஈரத்துணியுடன் நின்றேன்.

அந்த வேலைக்கான விண்ணப்பத்தை வாங்கி வந்தவள் நான். என் பெயரின் முதல் எழுத்தைப் போடுவதற்குள் அண்ணி பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"குடுடி இங்க. நாலு பேர் முன்னாடி நின்னாலே உனக்கு வேர்த்து ஊத்தும். நீ போய் பாடம் நடத்தப் போறியாக்கும்?"

அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரே குடும்பத்துக்குள்ள என்ன, உன் பேரு என் பேருன்னு?" என்றான். அவன் பேரில் இருக்கும் வண்டியின் சாவியை வீட்டில் வேறு யாரும் தொட முடியாது.

மூன்று வருடமாக உருளை செய்வது நான். வெட்டுவது அவள். வெட்டும்போதுதான் எல்லோரும் கைதட்டுவார்கள்.

கண்காட்சிகளில் யாராவது கேட்டால், "எல்லாம் என் கையால செஞ்சதுங்க" என்பாள். வில்லை பிய்ந்தாலோ ஓவனில் கருகினாலோ, "அது எங்க நாத்தனார் வேலை" என்பாள். அப்போது மட்டும் எனக்கும் இரண்டு கைகள் முளைத்துவிடும்.

பிளேடு இறங்கியது.

அண்ணி வில்லையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, நகத்தளவு வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நரம்பெல்லாம் ஏன் இப்படிப் போகுது?"

அண்ணி குனிந்து பார்த்தாள். நடு நரம்புக்கு வலப்பக்கம் கோடுகள் நுனியை நோக்கி ஏறின. இடப்பக்கம் காம்பை நோக்கி இறங்கின. நான் தாவரவியல் படித்தவள். எந்த மரத்திலும் அப்படி ஓர் இலையை நான் பார்த்ததில்லை.

பச்சைக் களிமண்ணுக்குள் கரும்பட்டைகளைச் சாய்வாக வைத்து உருட்ட வேண்டும். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்க நரம்புகளும் நுனியைப் பார்க்கும். பழகுகிறவர்கள் முதல் வாரத்தில் கோட்டை விடும் இடம் அது.

"எங்க தப்பு நடந்திருக்குன்னு சொல்லுங்களேன்" என்றார் அம்மாள். குரலில் கோபம் இல்லை. ஆசிரியராகப் போகிறவரிடம் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

அண்ணி இன்னொரு வில்லை வெட்டினாள். அதே இலை. உருளையின் மறுமுனையில் வெட்டினாள். அதே இலை. நடுவில் வெட்டினாள்.

அவள் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது.

"இத நான் செய்யல மேடம். இவதான்." கட்டைவிரலால் பின்னால் காட்டினாள். "எப்பவும் இவதான் உருட்டிக் குடுப்பா, நான் வெட்டுவேன். புத்தி ஒரு இடத்துல நிக்காது இவளுக்கு. எங்கயோ பாத்துக்கிட்டே செஞ்சிருக்கா!"

எழுதிக்கொண்டிருந்தவர் முதன்முறையாக நிமிர்ந்தார்.

அம்மாள் விண்ணப்பத்தை எடுத்தார். அடியில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்து, அண்ணியின் பக்கம் நகர்த்தினார்.

"எப்பவும் இவங்கதானா? எல்லாம் சொந்தக் கைவேலைன்னு இங்க கையெழுத்து போட்டிருக்கீங்களே."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. என் முழங்கையைப் பிடித்தாள்.

"நீயே சொல்லேன். இந்த ஒண்ணு மட்டும்தான நீ செஞ்ச? சொல்லு தங்கம்."

தங்கம்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு 'ஆமா' போதும், அவள் தப்பித்துவிடுவாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் மேசையில் கிடந்த வில்லைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பிளேடைத் துடைத்தேன். பிளேடின் மறுபக்கத்தையும் துடைத்தேன்.

அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். இருவரும் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள்.

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படிடி இப்படி ஆச்சு?" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"கை தவறிடுச்சு அண்ணி" என்றேன்.

கை சுலபத்தில் தவறவில்லை. எவ்வளவு கவனமாக இருந்தும், முதல் மூன்று உருளைகளில் இடது கை பழக்கத்தில் தானாகவே அந்தப் பாதியைத் திருப்பிவிட்டது. நான்காவதை, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒட்டி முடித்தேன்.