மணி அடிக்கும் வரை

"உட்காருங்கய்யா. கூட யாராவது வந்திருக்காங்களா?"

நடிகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனதுக்குள் முதல் மதிப்பெண்ணைப் போட்டார். பாதிப் பேர் பதற்றத்தில் இந்தக் கேள்வியையே மறந்துவிடுவார்கள்.

"சம்சாரம் வெளியில பெஞ்சுல இருக்காம்மா."

"உள்ள கூப்பிடலாமா?"

"வேணாம்மா. முதல்ல என்கிட்ட சொல்லுங்க."

வெள்ளைக் கோட்டுப் போட்ட அந்தப் பெண் தலையாட்டினாள். அறைக்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்தாள். அதற்கும் ஒரு மதிப்பெண்.

ஒன்பது வருஷமாக அந்த மருத்துவக் கல்லூரிக்கு அவர்தான் ஆஸ்தான நோயாளி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லப் பழக வேண்டுமாம். அதற்கென்று ஒரு பரீட்சை. நிஜ நோயாளியை வைத்துக்கொண்டு விஷப்பரீட்சை செய்ய முடியுமா? அதனால் நடிகரைக் கூப்பிடுவார்கள். கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதில் ஒரு பெயர், வயது, வியாதி, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவி என்று எல்லாம் இருக்கும். பத்து நிமிடத்தில் மணி அடிக்கும். எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பிள்ளைக்கு மறுபடியும் முதலிலிருந்து வியாதிக்காரர் ஆக வேண்டும்.

கதாநாயகனாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வீட்டைவிட்டுக் கிளம்பியவர் அவர். நாடகக் குழுவில் மூன்று வருஷம் ராஜாவாகக் கொடிகட்டிப் பறந்தார். பிறகு குழுவே கலைந்துபோனது. சினிமாவில் நாலு படம். இரண்டில் அவர் முதுகு வந்தது, ஒன்றில் பிணமாகப் படுத்திருந்தார். நாலாவதில் வக்கீல் வேஷம், முழுசாக இரண்டு நிமிட வசனம். சொந்தபந்தம் அத்தனை பேரையும் தியேட்டருக்குத் திரட்டிக்கொண்டு போனார். அந்த இரண்டு நிமிடத்தைச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். டைட்டிலில் பெயராவது வரும் என்று பார்த்தார், அதுவும் இல்லை. மச்சான்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மனைவி மட்டும் இருட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடிக்கிறது தெரியுது சார்" என்றுதான் எல்லா டைரக்டர்களும் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே மட்டும் தெரியவில்லை. அவர் கலங்கினால் எதிரில் இருக்கிற பிள்ளையும் கலங்கியது. அந்தப் பெருமையிலேயே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

இந்தப் பெண்ணை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முன்பு ஒருமுறை ஃபைலைப் பார்த்துக்கொண்டே வியாதியின் பெயரை ஒப்பித்தாள். 'என் முகத்தைப் பார்க்கவில்லை' என்று எழுதி அவளை ஃபெயிலாக்கியவர் இவர்தான். இன்றைக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடு தாயே என்று வேண்டிக்கொண்டார்.

அவள் ஃபைலை மூடினாள். நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"ரிசல்ட் வந்திருக்குங்கய்யா. நாம நினைச்ச மாதிரி இல்ல."

"சொல்லுங்க."

"நுரையீரல்ல இருக்கிற கட்டி... புற்றுநோய்தான்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கண்ணை எடுக்கவில்லை. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கட்டம். சொன்ன கையோடு படபடவென்று ஆறுதலைக் கொட்டித்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்.

இனி அவருடைய முறை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து, "எத்தனை நாளும்மா?" என்று கேட்க வேண்டும். 'நாள்' என்கிற இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும். நூறு தடவையாவது செய்திருப்பார்.

"எத்தனை நாளும்மா?"

குரல் மரக்கட்டையாக வந்தது. அவருக்கே கூச்சமாக இருந்தது. கை மட்டும் அதுபாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. இது புதுசாக இருக்கிறதே, அடுத்த தடவை சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"நாள் கணக்கு இப்பவே சொல்ல முடியாதுங்கய்யா. வைத்தியம் இருக்கு. நாங்க கூடவே இருப்போம். வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணும் இல்லம்மா. பிரமாதமா சொன்னீங்க. இந்தத் தடவை என் முகத்தைப் பாத்து சொன்னீங்க. நூத்துக்கு நூறு."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. பாஸான சந்தோஷத்தில் அழுகிற பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். சிரித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்து நிமிடம் தாண்டி நாலு நிமிடம் ஆகியிருந்தது.

"என்னம்மா, இன்னும் மணி அடிக்கலை?"

அவள் அவருடைய நடுங்கும் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் பரீட்சை இல்லீங்கய்யா."

உள்ளே நுழைந்ததிலிருந்து பார்க்காமல் தவிர்த்துவந்த அந்த ஃபைலின் அட்டையை அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு படத்தின் டைட்டிலிலாவது வராதா என்று காலமெல்லாம் அவர் ஏங்கிய சொந்தப் பெயர், கொட்டை எழுத்தில் அங்கே இருந்தது.