சுடும் இஸ்திரிப்பெட்டி

அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள் மருமகள். சுட்டது!

நேற்றும் இப்படித்தான். ஆனால் வீட்டில் தேய்த்த துணி என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை.

பகல் முழுக்க வீட்டில் இருப்பது மாமனார் ஒருவர்தான்.

"எதைத் தேய்ச்சீங்க மாமா?"

"சும்மாம்மா..."

சும்மா யாராவது இஸ்திரிப்பெட்டியைச் சூடு பண்ணுவார்களா? கிழவர் என்னமோ தில்லுமுல்லு பண்ணுகிறார். டீயை அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

சாப்பாட்டு மேஜை மேல் ஈரத்துணி. அதன் மேல் இஸ்திரிப்பெட்டி. புஸ்ஸென்று ஆவி பறக்க, மாமனார் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"மாமா!"

திருதிருவென்று முழித்தார்.

"என் சம்பளத்துல ஆசை ஆசையா வாங்கின மேஜை. அதுக்கா சூடு வைக்கறீங்க?"

"இல்லம்மா... பள்ளம் விழுந்திருக்கு. ஈரத்துணி போட்டுச் சூடு காட்டினா நசுங்கின மரம் எழும்பிடும். கீறலுக்கு லேசா எண்ணெய் தடவினா வெளியில தெரியாது."

துணியை விலக்கினாள். மாமனார் உட்காரும் இடத்துக்கு நேர் முன்னால் பிறை பிறையாகப் பள்ளங்கள். பாதி எழும்பியிருந்தன, பாதி அப்படியே கிடந்தன. மற்ற இடமெல்லாம் வாங்கினபோது இருந்த மாதிரியே வழவழவென்று இருந்தது.

"யார் பண்ணின வேலை இது?"

மாமனார் குனிந்து ஈரத்துணியை மடிக்க ஆரம்பித்தார். வேறென்ன செய்வார்? கையும் களவுமாகப் பிடித்தாயிற்றே! அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்ப ரொம்ப நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த சாக்கு, தானாகவே வந்து மாட்டியிருந்தது.

கணவன் வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான் பொறுத்தாள்.

"உங்கப்பா மேஜையை நாசம் பண்ணிட்டு, நமக்குத் தெரியாம பூசி மெழுகிட்டிருக்கார். என்னால இதுக்கு மேல முடியாதுங்க. உங்கக்கா வீட்லயே இருக்கட்டும்."

கணவன் நம்பாமல் கேட்டான். "நீங்களாப்பா?"

"ஆமாண்டா. வயசாச்சில்ல, கை நடுங்குது. டம்ளரை நழுவ விட்டுடறேன்." மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அக்கா வீட்டுக்கு நாளைக்கே போறேன். இதுக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க."

கணவன் முகம் வாடிப்போய், கை கழுவ எழுந்து போனான்.

"கொஞ்சம் தண்ணி வேணும்மா" என்றார் மாமனார்.

கிளம்புகிற நேரத்திலும் அதிகாரத்துக்குக் குறைச்சலில்லை! எவர்சில்வர் ஜக்கை எடுத்து வந்து, வழக்கம்போல அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

நடுக்கம் துளிகூட இல்லாத கையால் மாமனார் அதை நகர்த்தினார்.

அடியில், புத்தம் புதிதாக ஒரு பிறை.

"இஸ்திரிப்பெட்டியைக் கொடும்மா" என்றார் தணிந்த குரலில். "அவன் வர்றதுக்குள்ள எடுத்துடறேன்."