தக்காளிக் கூடை

குமாசிச் சந்தையில் தக்காளி விற்கும் அஜோவாவின் மார்பில் ஒரு கட்டி. "ஆஸ்பத்திரிக்குப் போனா தக்காளி அழுகிடும், அடுத்த வாரம் போறேன்" என்று சொல்லியே மழைக்காலம் முழுவதையும் கடத்திவிட்டாள். இன்று பக்கத்துக் கடை வெங்காயக்காரி எஸி திடீரென்று எழுந்து கூவினாள்: "வாங்க, வாங்க! அஜோவா தக்காளி இன்னைக்கு இலவசம்!" கண்மூடித் திறப்பதற்குள் கூடை காலி. "பாவி, உன் வெங்காயத்தைக் குடுக்க வேண்டியதுதானேடி!" "நானா அழுகிடும்னு சாக்கு சொன்னேன்? கெளம்பு." ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் காலிக் கூடையை மார்போடு அணைத்தபடியே வந்தாள் அஜோவா. "பயமா இருக்குடி." வாயாடி எஸி கூடையை மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அஜோவாவின் கைகள் வெறுமனே கிடந்தன. அவற்றையும் எடுத்துக் கூடைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.