டயாலிசிஸ் சீனியர்

"டயாலிசிஸ் நர்சுகளுக்குன்னு தனியா ஒரு அலவன்ஸ் போடுங்க சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கேட்டாள் செபாஸ்தியம்மாள்.

திண்டுக்கல்லின் அந்தத் தனியார் மருத்துவமனைக்கு இளஞ்செழியன் மேனேஜராக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்த அன்றே கவனித்திருந்தான், டயாலிசிஸ் பக்கம் இவள் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். வாட்ச்மேன் முதல் ஆயா வரை எல்லோருக்கும் இவள் 'அக்கா'. எந்த மிஷின் மக்கர் செய்யும் என்பதுகூட இவளுக்கு அத்துப்படி. யூனிட்டுக்கே தலைவி என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான்.

"ஊசி போடறதுதானே வேலை? வார்டு நர்சும் அதைத்தான் செய்யறாங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா சார்? இங்க நரம்பு கெட்டா ஆளே போச்சு. பிரஷர் எறங்குறத முகத்தப் பாத்தே கண்டுபிடிக்கணும். நம்ம நர்சு ஜீவிதாவ மதுரையில கூடுதல் சம்பளத்துக்குக் கூப்புடுறாங்க. அவ போனா அடுத்து அறிவுச்செல்வியும் கெளம்பிருவா. அப்புறம் எங்க பாடு திண்டாட்டந்தான்."

"நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ஆறு வருசம். வத்தலக்குண்டுலேர்ந்து விடியக்காலை பஸ்ஸுல வாரேன். தீபாவளி, கிறிஸ்மஸ்னு ஒரு நாள் தவறினதில்ல. எனக்கு முந்தி வந்தவங்க யாருமே இப்ப இல்ல."

சீனியர் என்ற திமிர்! இளஞ்செழியனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ரொம்பப் பேசினா உங்களை வேற வார்டுக்கு மாத்திடுவேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "மாத்துங்க சார். மாதாகிட்ட நான் தெனம் கேக்குறதே அதத்தான்."

மிரட்டலுக்கு மசியாதவளை என்ன செய்வது? ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். தவிர, நர்சுகள் போய் யூனிட்டை மூடும்படி ஆனால் பழி தன் தலையில்தான் விழும். இறங்கி வந்தான்.

"சரிம்மா. முதலாளிகிட்ட பேசி அடுத்த மாசத்துலேர்ந்து அலவன்ஸ் போடறேன். முதல் பேரே உங்களுதுதான், போதுமா?"

"எனக்கு எதுக்கு சார்? அந்தப் பிள்ளைகளுக்குப் போடுங்க, போதும்."

இவளென்ன அதிசயப் பிறவி என்று அவன் விழித்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ஜீவிதா எட்டிப் பார்த்தாள்.

"இங்கயா இருக்கீங்க அக்கா? மிஷின் ரெடி. வந்து படுங்க, ஊசி போடணும்."

"வாரேன்டி. நீ எங்கயும் போகவேணாம், சார் சொல்லிட்டாரு" என்று எழுந்து முந்தானையை விலக்கினாள் செபாஸ்தியம்மாள். முழங்கை நெடுக ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன நரம்பைப் பார்த்த பிறகுதான், தான் வேறு வார்டுக்கு மாற்றுவதாக மிரட்டியது ஒரு நோயாளியை என்பது இளஞ்செழியனுக்கு உறைத்தது.