தடு, தொடு

“போன அலையிலும் நான்தான், இந்த அலையிலும் நான்தான்,” என்று பீற்றிக்கொண்டே வைரஸின் முள் நுரையீரல் செல்லின் கதவைக் குத்தித் திறந்தது. திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டது.

செல்லுக்குத் தன் கதி தெரிந்துவிட்டது. சாவதற்குள் மணியடித்தால் பக்கத்துச் செல்களாவது கதவைச் சாத்திக்கொள்ளும். போன அலையில் வைரஸ் மணியடிக்க விடாததால்தான் தெருவே காலியானது.

வைரஸுக்குள்ளிருந்து ஒரு சின்னப் புரதம் தயங்கித் தயங்கி இறங்கி வந்தது.

“வாப்பா. மணியைத் தடுக்கத்தானே வந்திருக்கே?” என்றது செல்.

“தடுக்கவா? என் சீட்டுல ‘மணியைத் தொடு’ன்னுல்ல போட்டிருக்கு?”

செல் சீட்டை வாங்கிப் பார்த்தது. நகலெடுத்த கை தவறி ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்தது.

“அங்க என்னடா பேச்சு?” என்று வாசலிலிருந்து முள் அதட்டியது. “கதவத் திறந்தது நான். உள்ள நீ என்ன பண்ணினா என்ன, எடுபிடி!”

“இதோ ஆச்சுண்ணே,” என்ற புரதம் மணியை அண்ணாந்து பார்த்தது. எம்பியது. எட்டவில்லை.

செல் மணியைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தது.